விமானிகளுக்கு ஒரு பேரேடு போடுவது எப்படி

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்தே முப்பத்தொரு வருஷம் ஓட்டியவன் நான். ஓய்வுபெற்ற பிறகு பேரனுக்குக் கதை சொல்லலாமே என்று இரண்டாம் உலகப்போர் வாசிக்க ஆரம்பித்தேன். அவன் கிரிக்கெட் பக்கம் போய்விட்டான். நான் பசிபிக் கடலிலேயே தங்கிவிட்டேன்.

வாசிக்க வாசிக்க ஒன்று உறுத்தியது. எந்தக் கடற்போரை எடுத்தாலும் கப்பலைத்தான் எண்ணுகிறார்கள். இவர்களுக்கு நான்கு போச்சு, அவர்களுக்கு ஒன்று போச்சு, ஆகவே இன்னார் ஜெயித்தார். இந்தத் தப்பை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த நாலாம் வருஷம் ஒரு நெசவாளர் சங்கத்துக்குத் தணிக்கைக்குப் போனேன். ஊர் பேர் வேண்டாம். சொத்துப் பதிவேட்டில் தறி 48. நடந்து போய் எண்ணினேன், 48-ம் இருந்தது. கையெழுத்துப் போட்டேன், டீ குடித்தேன், வந்துவிட்டேன். மறு வருஷம் அந்தச் சங்கத்தால் வந்த ஆர்டரை நெய்து கொடுக்க முடியவில்லை. கோர்வை போட, அதாவது சேலையின் கரையையும் உடலையும் கோத்து நெய்ய, தெரிந்தவர்கள் கூலி கட்டுப்படியாகாமல் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். தறியை எண்ணியவனுக்குத் தறியில் உட்காரும் ஆளை எண்ணத் தோன்றவில்லை.

விமானந்தாங்கிக் கப்பல் ஒரு தறிதான். அதனால் 1941 டிசம்பர் முதல் 1944 அக்டோபர் வரை ஜப்பானியக் கடற்படைக்கு நானே ஒரு ஆள் கணக்கு எழுதிப் பார்த்தேன். அதை நீங்களும் எப்படிப் போடலாம் என்று சொல்கிறேன். பத்து நாள் சாயங்காலம் போதும்.

நோட்டும் கட்டமும்

நீளமான லெட்ஜர் நோட்டு ஒன்று, பென்சில், ரப்பர். பேனா வேண்டாம். ஒரே போருக்கு இரண்டு ஆசிரியர்கள் இரண்டு எண் சொல்வார்கள், அழிக்க வேண்டிவரும்.

ரொக்கப் புத்தகம் மாதிரி இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. செலவுப் பக்கத்தில் கட்டங்கள் இப்படி: நாள், இடம், போன விமானம், போன ஆள், அதில் தலைவர்கள் எத்தனை, கடலில் விழுந்து மீண்டவர்கள் எத்தனை. வரவுப் பக்கத்தில் மூன்று போதும்: புதிதாக வந்தவர், அவர் பறந்த மணி நேரம், அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார். கப்பலுக்குக் கட்டம் போடாதீர்கள். மனசு கேட்கவில்லை என்றால் ஓரத்தில் சின்னதாக எழுதிக்கொள்ளுங்கள்.

‘விமானி’ என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானியரின் ஜீரோ சண்டை விமானத்தில் ஒருவர். செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானத்தில் இருவர். டார்பிடோ விமானத்தில் மூவர். அந்த மூவரில் ஓட்டுபவர்தான் தலைவர் என்று நினைத்துவிடக் கூடாது. 1941 டிசம்பரில் ஹவாயில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் மேல் நடந்த தாக்குதலை வழிநடத்திய ஃபுசிடா மிட்சுவோ அன்று விமானம் ஓட்டவில்லை. நடு இருக்கையில் பார்வையாளராக உட்கார்ந்து வந்தார். ஆகவே ‘விமானி’ என்று எழுதாமல் ‘ஆள்’ என்றே எழுதுங்கள். ஒரு டார்பிடோ விமானம் விழுந்தால் பயிற்சி பெற்ற மூன்று பேர் போகிறார்கள்.

ஆரம்ப இருப்பு

1941 டிசம்பரில் ஆறு பெரிய கப்பல்கள்: அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, ஸூயிகாகு. ஆட்களைப் பொறுத்தவரை வழக்கமாகச் சொல்லப்படும் எண் 765. தலைக்கு எழுநூறு எண்ணூறு மணி நேரம் பறந்த அனுபவம். சிலருக்குச் சீனப் போரிலேயே கை பழகியிருந்தது. பேர்ல் ஹார்பரில் செலவு 29 விமானம், 55 ஆள். அந்தத் தாக்குதலின் அளவுக்கு இது மிகக் குறைந்த விலை.

இருப்பின் தரம் என்ன என்று பார்க்க வேண்டுமா, நம்ம பக்கத்துக் கடலுக்கே வாருங்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பைத் தாக்கிய அதே படை தென்மேற்கே போய்க்கொண்டிருந்த கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூசர்களைப் பிடித்தது. எகுசா தகாஷிகே என்பவர் தலைமையில் குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. இருபது நிமிஷ அளவில் இரண்டு கப்பலும் தண்ணீருக்குள். ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கியை மூழ்கடித்தார்கள். அது இன்னும் அங்கேயே கிடக்கிறது. மெட்ராஸ் அந்த மாதம் பாதி காலியானது சும்மா பீதியில் இல்லை. வங்காள விரிகுடாவில் அப்போது சுற்றியவர்கள் அப்படிப்பட்ட ஆட்கள்.

செலவு எழுதுவது

முதல் பாடம் 1942 மே 7, 8. ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே பவளக் கடல். ஷோஹோ என்ற சின்னக் கப்பல் போனது, ஷோகாகு அடிபட்டது. ஸூயிகாகு மேல் ஒரு கீறல்கூட இல்லை. மழை மேகத்துக்குள் ஒளிந்துகொண்டது. கப்பல் எண்ணுபவர் இங்கே ‘ஸூயிகாகு நலம்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ஆள் கட்டத்தில் 90 எழுதுங்கள். ஷோகாகுவின் குண்டு விமானத் தலைவர் தகாஹாஷி காகுயிசியும் அதில் ஒருவர். கப்பல் நலம், ஏறிப் பறக்க ஆள் இல்லை. அடுத்த மாதம் மிட்வே தீவுப் போருக்கு ஸூயிகாகு போகாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

இதே வாரம் அமெரிக்கப் பக்கத்தில் என்ன நடந்தது என்று பக்கத்திலேயே குறியுங்கள். யார்க்டவுன் என்ற விமானந்தாங்கி கிழிந்துபோய் பேர்ல் ஹார்பர் வந்தது. மூன்று நாளில் ஒட்டுப்போட்டு அனுப்பினார்கள். அதன் ஆட்கள் களைத்திருந்ததால் சரடோகா கப்பலுக்குரிய படைப்பிரிவுகளை எடுத்து இதில் ஏற்றினார்கள். ஜப்பானில் ஒரு கப்பலின் விமானப்படை அந்தக் கப்பலின் சொந்தச் சொத்து மாதிரி. ஷோகாகுவில் மிச்சமிருந்தவர்களை ஸூயிகாகுவில் ஏற்றி ஒரு கப்பலையாவது அனுப்பியிருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. ஒரு சங்கத்து நெசவாளர் இன்னொரு சங்கத்துத் தறியில் உட்காரக் கூடாது என்ற விதியால் இரண்டு சங்கமும் படுத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அது வேறு கதை.

அடுத்து மிட்வே, 1942 ஜூன் 4. இந்த வரியில் நிதானம் தேவை. நான்கு கப்பல்கள் போனதால் ஜப்பானின் சிறந்த விமானிகள் எல்லாம் அங்கேயே செத்தார்கள் என்று பல இடத்தில் படிப்பீர்கள். நானும் அப்படித்தான் முதலில் எழுதினேன், அப்புறம் ரப்பரை எடுத்தேன். விமானம் 248 போனது உண்மை. ஆள் 110. நிறைய விமானங்கள் கப்பலுக்குள்ளேயே எரிந்தும் மூழ்கியும் போயின, ஆட்களை நாசகாரிக் கப்பல்கள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டன. அந்த 110-ஐப் பிரித்தால் அகாகி 7, காகா 21, சோர்யு 10, ஹிர்யு 72. ஏன் ஹிர்யுவில் மட்டும் இவ்வளவு? மற்ற மூன்றும் எரிந்த பிறகு அது தனியாக நின்று இரண்டு தடவை யார்க்டவுன் மேல் ஆட்களை அனுப்பியது. கப்பல் மூழ்குவதால் ஆள் போவதைவிட, தாக்கப் போவதால்தான் ஆள் போகிறார் என்று இந்த நான்கு எண்களை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

மிட்வேக்கு ஓரத்தில் இன்னொரு குறிப்பும் வேண்டும். அந்த நான்கு கப்பல்களில் இருந்த தேர்ந்த மெக்கானிக்குகளில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் கீழ்த்தளங்களிலேயே இறந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை. நீங்கள் தனிக் கட்டமே போட்டாலும் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

அமெரிக்கப் பக்கத்தையும் மறைக்க வேண்டாம். ஹார்னெட் கப்பலின் எட்டாவது டார்பிடோ பிரிவு அன்று காலை 15 விமானத்தில் 30 பேரை அனுப்பியது. உயிரோடு மீண்டவர் ஜார்ஜ் கே ஒருவர்தான்.

ஆகஸ்டு 24, 25, கிழக்குச் சாலமன் தீவுகள்: 61 ஆள். இதில் சொல்ல அதிகம் இல்லை, எழுதிவிட்டு நகருங்கள்.

‘வெற்றி’ என்று எழுதப்பட்ட நாள்

1942 அக்டோபர் 26, சாலமன் பக்கத்துச் சாண்டா குரூஸ் தீவுகள். பத்து சாயங்காலத்தில் இரண்டை இதற்கே கொடுங்கள்.

கப்பல் கணக்கில் இது ஜப்பானின் வெற்றி. அமெரிக்கர்களின் ஹார்னெட் மூழ்கியது, எண்டர்பிரைஸ் அடிபட்டது. ஜப்பானுக்கு ஷோகாகு, ஸூயிஹோ இரண்டுக்கும் சேதம்தான், ஒன்றும் மூழ்கவில்லை. அன்று ராத்திரி அந்தக் கடலில் முழுசாக நின்ற விமானந்தாங்கிகள் ஜப்பானுடையவை.

இப்போது வலப்பக்கம். விமானம் 99. ஆள் 148. அமெரிக்கர்களுக்கு முப்பது பேருக்கும் குறைவு. 148-ஐ வகை பிரித்தால் டார்பிடோ ஆட்களில் ஏறக்குறைய பாதி, குண்டு விமான ஆட்களில் பத்துக்கு நான்கு, சண்டை விமானிகளில் ஐந்தில் ஒருவர். அமெரிக்கக் கப்பல்களில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் அதற்குள் கூடிவிட்டன. டார்பிடோ போடுகிறவர் தண்ணீரை ஒட்டி நேர்கோட்டில் வந்தாக வேண்டும், விலகிப் பறக்க வழியில்லை.

தலைவர்கள் கட்டத்தைப் பாருங்கள். குண்டு விமானக் குழுத் தலைவர் 2, டார்பிடோக் குழுத் தலைவர் 3, அவர்களுக்கு அடுத்த நிலையில் 18 பேர். பேர்ல் ஹார்பரில் டார்பிடோ விமானங்களை வழிநடத்திய முராடா ஷிகெஹாரு ஹார்னெட் மேல் போனபோது இறந்தார். செகி மாமோரு எண்டர்பிரைஸ் மேல். இவர்கள் இறந்தால் ஒரு விமானத்து ஆட்கள் குறைகிறார்கள் என்று மட்டும் எழுதினால் போதாது. கடலுக்கு மேலே இருநூறு மைல் போய், நகரும் கப்பலைக் கண்டுபிடித்து, இருபது விமானங்களை இரண்டு பக்கமாகப் பிரித்து ஒரே நிமிஷத்தில் பாய வைக்கத் தெரிந்த ஆள் அவர். பின்னால் வரும் பையன்களுக்கு வழியும் அவர்தான், வாத்தியாரும் அவர்தான். நான் தலைவர் ஒருவருக்கு ஐந்து ஆள் மதிப்பு என்று ஒரு தோராயம் வைத்துக்கொண்டேன். அது என் மனக்கணக்கு. நீங்கள் மூன்று வைத்தாலும் சரி.

காயமே படாத ஸூயிகாகு மறுபடியும் ஊருக்குத் திரும்பியது. மறுபடியும் ஆள் இல்லை.

இங்கே நின்று நான்கு போரையும் கூட்டுங்கள். 90, 110, 61, 148. மொத்தம் 409.

இந்த 409 உங்களுக்கு வேறெங்காவது எதிர்ப்படும். ‘பேர்ல் ஹார்பரில் பறந்த 765 பேரில் 409 பேர் சாண்டா குரூஸ் முடிவதற்குள் இறந்துவிட்டார்கள்’ என்று எழுதியிருப்பார்கள். பார்த்ததும் எனக்குத் தணிக்கைக்காரப் புத்தி விழித்துக்கொண்டது. நாம் இப்போது கூட்டியதும் அதே எண். ஆனால் நாம் கூட்டியதில் ரியூஜோ, ஜுன்யோ, ஸூயிஹோ கப்பல்களின் ஆட்களும் உண்டு. அந்தக் கப்பல்கள் பேர்ல் ஹார்பருக்கே போகவில்லை. அதோடு பேர்ல் ஹார்பரில் இறந்த 55 பேர் இந்தக் கூட்டலில் இல்லை. என் தீர்ப்பு: 409 என்பது நான்கு போரின் மொத்தச் செலவு. அது சரி. ஆரம்ப இருப்பிலிருந்து 409 குறைந்தது என்பது வேறு வாக்கியம், அதை அப்படியே எடுத்து எழுதக் கூடாது. வரவில் வந்தவரும் செலவில் கலந்திருக்கிறார். போர்க் கதைகளில் மட்டும் இல்லை, சங்கத்துக் கணக்கிலும் பாதித் தகராறு இப்படித்தான் வரும்.

போர் பெயர் இல்லாத செலவு

இது கண்ணில் படாமல் ஓடும் செலவு. 1942 ஆகஸ்டு 7 அன்று அமெரிக்கர்கள் சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனாலில் இறங்கினார்கள். ஜப்பானின் விமானத்தளம் ரபௌலில், சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. ஜீரோவால் அவ்வளவு தூரம் போய்வர முடியும். ஆனால் விமானத்தில் கவசத் தகடு இல்லை, குண்டு பட்டால் தானே அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் டாங்க்கும் இல்லை. சின்னக் காயத்தோடு கிளம்பினாலும் திரும்பும் வழியெல்லாம் கடல். முதல் நாளே சகாய் சபுரோ என்ற ஜீரோ விமானி தலையில் குண்டடி பட்டு, ஒரு கண் தெரியாமல், ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டி ரபௌலில் இறங்கினார். அப்படி இறங்க எல்லாராலும் முடியாது.

அதுமட்டும் இல்லை. 1943 ஏப்ரலிலும் நவம்பரிலும் கப்பல் விமானிகளையே இறக்கித் தரைத்தளங்களிலிருந்து சண்டைக்கு அனுப்பினார்கள். கப்பல் தளத்தில் இறங்கக் கற்ற ஆளைத் தரையில் செலவழிப்பது, கோர்வை நெசவாளரைத் துண்டு நெய்ய உட்கார வைப்பதுபோல. இந்த வரிகளை எழுத நவம்பர் 1943 என்ற பக்கத்தைத் தனியாக விடுங்கள், இல்லாவிட்டால் 1944-இல் கணக்கு உதைக்கும்.

மீண்டவர் கட்டம்

இந்தக் கட்டத்தில்தான் இரண்டு நாடுகளும் வேறு வேறு பாதையில் போனது தெரியும். அமெரிக்கர்கள் தாக்குதல் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நீர்மூழ்கிகளை நிறுத்திவைத்தார்கள், விழும் விமானியைப் பொறுக்கி எடுக்க. போர் முழுவதும் அப்படி மீண்டவர்கள் 504 பேர். ஜப்பானியரின் தளமான ட்ரக் தீவில் 1944 ஏப்ரல் கடைசியில் டாங் என்ற நீர்மூழ்கி ஒன்று மட்டும் 22 பேரைத் தூக்கியது. ஜப்பானியருக்கு அந்த அளவில் ஏற்பாடு இல்லை.

ஒரு உதாரணத்தை மட்டும் முழுசாக எழுதிப் பாருங்கள். 1944 ஜூன் 20, பிலிப்பைன் கடல். அமெரிக்கர்களுக்கு ஜப்பானியக் கப்பல்கள் சாயங்காலம்தான் கண்ணில் பட்டன, எல்லைத் தூரத்தில். அமெரிக்க விமானந்தாங்கிப் படைத் தளபதி மிட்சர் இருநூறுக்கும் மேல் விமானங்களை அனுப்பினார். திரும்பும்போது கும்மிருட்டு, பெட்ரோல் தீர்ந்துகொண்டிருந்தது. நீர்மூழ்கி பயத்தையும் பார்க்காமல் கப்பல்களின் விளக்குகளை எல்லாம் போடச் சொன்னார். அப்படியும் மொத்தம் நூறு விமானம் போனது, பெரும்பாலும் சண்டையில் இல்லை, கடலில் இறங்கியும் தளத்தில் மோதியும். ஆட்கள் 209 பேர். அன்று ராத்திரியும் அடுத்த நாட்களிலும் தேடித் தேடி 160 பேரை எடுத்தார்கள். நிகரச் செலவு 49. விமானம் நூறு, ஆள் 49: இந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு மேலே போய் சாண்டா குரூஸின் 99, 148-ஐப் பாருங்கள்.

வரவு

இடப்பக்கத்தை இதுவரை காலியாக விட்டிருப்பீர்கள். சகாய் சேர்ந்த 1937 வகுப்பைப் பற்றி அவரே பிற்காலத்தில் சொன்ன கணக்கு: விண்ணப்பித்தவர் 1,500, எடுத்தது 70, தேறியது 25. சின்னச் சண்டைக்கு அது பெருமை. வருஷம் நானூறு பேர் போகும் சண்டைக்கு அது ஊற்று இல்லாத கிணறு. பிறகு எடுக்கும் எண்ணிக்கையை ஏற்றினார்கள். ஆனால் பறக்கப் பெட்ரோல் குறைந்தது, கற்றுக்கொடுக்க வேண்டிய முராடாக்கள் போய்விட்டார்கள்.

அமெரிக்க வரவில் எனக்குப் பிடித்த வரி மிச்சிகன் ஏரி. இரண்டு பழைய பயணிகள் படகுகள், பக்கவாட்டில் சக்கரம் சுழல, நிலக்கரியில் ஓடியவை. மேல்பகுதியை வெட்டி ஓடுதளம் போட்டு வுல்வரின், சேபிள் என்று பெயர் வைத்தார்கள். ஏரியில் எதிரி நீர்மூழ்கி வர வழியே இல்லை. போர் முடிவதற்குள் 17,000-க்கும் மேற்பட்டவர்கள் அவற்றில் இறங்கிப் பழகினார்கள். நூற்றுக்கும் மேல் விமானங்கள் ஏரியில் விழுந்தன, இறந்த விமானிகள் பத்துப் பேருக்குள். பழகியவர்களில் ஒருவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான மூத்த ஜார்ஜ் புஷ். அவரே 1944 செப்டம்பர் 2 அன்று சிச்சிஜிமா என்ற ஜப்பானியத் தீவு அருகே சுடப்பட்டு ஃபின்பேக் என்ற நீர்மூழ்கியால் மீட்கப்பட்டார். அவருடன் பறந்த இருவர் பிழைக்கவில்லை. ஒரே ஆள் வரவிலும் மீண்டவர் கட்டத்திலும் வருவது இப்படித்தான். எதிர்க்குறிப்பு போட மறக்காதீர்கள்.

‘கற்றுக்கொடுத்தது யார்’ கட்டத்துக்கு அமெரிக்கச் சண்டை விமானி ஜிம்மி தாச். மிட்வேயில் ஜீரோக்களைச் சமாளிக்கும் தன் உத்தியைப் போட்டுக் காட்டியவர். அதன்பின் அவரைப் புளோரிடாவுக்கு அனுப்பி வகுப்பெடுக்க வைத்தார்கள். நல்ல ஆளைச் சண்டையிலிருந்து எடுக்க மேலதிகாரிக்கு மனசு வர வேண்டும், அது லேசில்லை.

இறுதி இருப்பு

1944 ஜூன் 19, அதே பிலிப்பைன் கடல் போரின் முதல் நாள் காலை, ஜப்பானியத் தளபதி ஓசாவாவிடம் ஒன்பது விமானந்தாங்கிகள், சுமார் 430 விமானங்கள். கப்பல் பதிவேட்டைப் பார்த்தால் பேர்ல் ஹார்பரை விடப் பெரிய படை. ஆட்களுக்குப் பயிற்சி சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு இரண்டே மாதம். அதிலும் முந்தைய மாதம் பிலிப்பைன்ஸின் தெற்கே தாவி-தாவி என்ற தீவில் நங்கூரம் போட்டுச் சும்மா கிடந்தார்கள்: அங்கே விமானத்தளம் இல்லை, வெளிக்கடலில் அமெரிக்க நீர்மூழ்கிகள். எதிரே வந்தவர்களுக்கு இரண்டு வருஷப் பயிற்சி. மறுநாள் ராத்திரி ஓசாவாவிடம் பறக்கக்கூடிய விமானம் 35.

என் நோட்டில் கடைசி வரி 1944 அக்டோபர் 25. ஓசாவா மறுபடி நான்கு விமானந்தாங்கிகளோடு வடக்கிலிருந்து வந்தார், நூற்றுச் சொச்சம் விமானங்களோடு. அமெரிக்கப் பெரிய படையைப் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவிலிருந்து இழுத்துப்போகும் தூண்டில் புழுவாக அனுப்பப்பட்டார். தூண்டிலாவது வேலை செய்தது, அமெரிக்கத் தளபதி ஹால்ஸி துரத்திக்கொண்டு வடக்கே போனார். அதே நாள் காலை லெய்ட்டே பக்கத்தில் காமிகாஸே என்ற தற்கொலைப் படை விமானங்கள் கப்பல்கள் மேல் மோத ஆரம்பித்தன. அதற்கு என் செலவுப் பக்கத்தில் பொருந்தும் கட்டம் எதுவும் இல்லை. மீண்டவர் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன்.

பிற்பகல் ஸூயிகாகு மூழ்கியது. பேர்ல் ஹார்பருக்குப் போன ஆறில் மிச்சமிருந்த ஒன்று. கப்பலுக்குக் கட்டம் வைக்காததால் அதை ஓரத்தில்தான் எழுத வேண்டியிருந்தது.